கான்கிரீட் கட்டடத்தில் மூன்று கையெழுத்து

கோத்தகிரி,
28-7-1979

மரியாதைக்குரிய மச்சான் சுப்பண்ணன் அவர்களுக்கு, கல்லூரித் தலைமை எழுத்தர் ஆறுமுகசாமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். துணிகள் மட்டும் ஒரு மாதமாகக் காயவில்லை. அங்கு அக்காவும் குழந்தைகளும் நலந்தானா?

எங்கள் அலுவலகக் கட்டடம் இன்னும் நிற்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். பூச்சு கிடையாது, வெள்ளை கிடையாது, வெறும் கான்கிரீட். பதினைந்து வருடமாகப் பாசி பிடித்து ஒழுகுகிறது. பார்க்கிறவர்களெல்லாம் "எப்பங்க வேலை முடியும்?" என்கிறார்கள். சேர்க்கை முதல் மாடி, உதவித்தொகை இரண்டாம் மாடி, விடுதி மூன்றாம் மாடி. ஒவ்வொன்றுக்கும் ஜன்னலில்லாத தனிப் படிக்கட்டு. இடித்துவிடலாம் என்று பிரின்சிபால் சாந்தாமணி அம்மாவுக்கு நானே அறிக்கை எழுதிக் கொடுத்திருந்தேன்.

பதின்மூன்றாம் தேதி சேர்க்கைக்குக் கடைசி நாள். சிலோனிலிருந்து வந்து கீழ் கோத்தகிரி எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் வேலாயி, மகள் அன்னக்கிளியைச் சேர்க்க மூன்று மணிக்கு வந்தார். ஐந்துக்குள் மூன்று கையெழுத்து வாங்காவிட்டால் அந்தப் பெண்ணுக்கு ஒரு வருடம் வீண். நாலு மணியாகியும் மேலே போன இருவரையும் காணோம். தேடப் போனேன், கரண்டு போச்சுங்க மச்சான், பதினோரு வருஷமா அங்கேயே உக்கார்றவன் நானும் தொலைஞ்சு போனேன்! என் சத்தம் கேட்டு வந்த பிரின்சிபாலும் வழி தவறி, கடைசியில் நால்வரும் ஒரு படிக்கட்டு முனையில் முட்டிக்கொண்டோம். மணி நாலே முக்கால். அன்னக்கிளி அழுதேவிட்டாள்.

வேலாயி சொன்னார்: "ஏங்கம்மா, கப்பல்ல வந்த எங்க அத்தன பேரையும் மண்டபம் கேம்புல ஒரே கொட்டகையில மேச போட்டுத்தானே பதிஞ்சாங்க? இங்க இருக்கிற மூணு தொரமாரும் கீழ எறங்கி வந்தா ஆகாதா?"

பிரின்சிபால் போட்டாரே ஒரு சத்தம்: "எல்லாரும் சீலை எடுத்துட்டுக் கீழ வாங்க!"

"எதுக்குங்கம்மா சீலை?" என்று கேட்டபடியே விடுதி எழுத்தர் மரகதம் ஓடி வந்தார். புடவை இல்லை, முத்திரை என்று விளக்குவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. கடைசி முத்திரை விழுந்தபோது ஐந்துக்கு இரண்டு நிமிடம்.

மறுநாளே பிரின்சிபால் என் அறிக்கையைக் கிழித்துவிட்டார். இப்போது கீழே, பழைய சாமான் அறையில், மூன்று மேசையும் ஒரே வரிசை. ஜன்னல் வைக்கச் சுவரை உடைத்த கொத்தனார் மூக்கனுக்கு இரண்டு கடப்பாறை வளைந்தது. "இதைப் போயி இடிக்கோணும்னு எழுதுன புண்ணியவான் யாருங்க?" என்றார். நான் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் தடவையாக உள்ளே வெளிச்சம் விழுகிறது, மச்சான்.

ஆடி பதினெட்டுக்கு லீவு கிடைத்துவிட்டது. குடும்பத்தோடு கட்டாயம் வருகிறோம். அக்காவுக்கு வணக்கமும், குழந்தைகள் சளி பிடிக்காமல் வளர என் ஆசியும்.

அன்புள்ள,
ஆறுமுகசாமி

பி.கு.: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் வேலாயி வந்து நிற்கிறார், பின்னால் எஸ்டேட் பிள்ளைகள் பதினாறு பேர். பிரின்சிபால் பல்கலைக்கழகத்தில் பேசி ஆடி பதினெட்டு வரை சேர்க்கைத் தேதியை நீட்டிவிட்டாராம். லீவு போச்சுங்க. நாங்க வரலை, நீங்கதான் மேல வரோணும். வரும்போது முத்திரை மை நாலு புட்டி வாங்கிட்டு வாங்க, இங்க தீந்து போச்சு.