திறப்பு விழாவுக்குக் காத்திருந்த பல்

கல்முனைக்குடி மீன் சந்தையில் ஏலம் கூறுகிற முர்ஷிதுக்குக் கடைவாய்ப் பல் வலித்தது. வாயால் பிழைக்கிற மனிசன். வாய் மூடினால் வீட்டில் அடுப்பு எரியாது.

அரசாங்க ஆஸ்பத்திரியில் பல் டொக்டர் அப்னா எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்தா.

"காக்கா, புடுங்கத் தேவல்ல. வேருக்குள்ளதான் கிருமி. நனோ வெள்ளி மருந்து வந்திரிக்கி. கண்ணுக்கே தெரியாத துகள், வேர்ர மூலை முடுக்கெல்லாம் பூந்து கொல்லும்."

"அல்ஹம்துலில்லாஹ்! இப்பவே போடுங்க."

போட்டிருப்பா. ஆனால் போத்தலின் கழுத்தில் சிவப்பு றிபன் கட்டிக் கிடந்தது. கட்டியவர் ஆஸ்பத்திரி நிர்வாக உத்தியோகத்தர் அழகரெத்தினம்.

"திறப்பு விழா இல்லாம எப்பிடித் திறக்கிற? பிரதம அதிதி திகதி தந்திட்டார். நீங்கதான் முதலாவது பயனாளி" என்று ஒரு கடிதத்தை நீட்டினார்.

'மேற்படி பல்லானது விழா நிறைவுறும்வரை பிடுங்கப்படவோ, சுகப்படுத்தப்படவோ, வேறெவ்வகையிலும் பராதீனப்படுத்திக் கைமாற்றப்படவோ கூடாது.'

"அதுவரைக்கும் கிருமிக்குக் குளிசை எடுக்கலாமா சேர்?"

அழகரெத்தினம் பதறிப்போனார். "என்ன கதை கதைக்கிறீங்க? கிருமியெல்லாம் முன்னுக்கே செத்துப்போனா, பிரதம அதிதி வந்து எதைக் கொல்லுற?"

டொக்டர் அப்னா ஆட்சேபித்துக் கடிதம் எழுதினா. அது உரிய கோப்பில் பத்திரமாக இணைக்கப்பட்டது.

வேறு இடம் போயிருக்கலாம்தான். ஆனால் சந்தியில் முர்ஷிதின் படத்தோடு பேனர் ஏறிவிட்டதே! ஊரே நனோவில் விழுந்தது. சலூனில் நனோ பேஷியல், ஹோட்டலில் நனோ பிளேன்டி. தேத்தண்ணிக் கோப்பை சிறிசு, விலை பழைய விலை.

விழா இரண்டு தரம் பிற்போடப்பட்டது. முதலில் அதிதிக்கு வேறொரு திறப்பு. அடுத்த தரம், வாங்கிய பொன்னாடை எதிர்க்கட்சி நிறம். முர்ஷிதின் கன்னம் பணிஸ் மாதிரி வீங்கியது. ஏலத்தில் 'ங்ஙா' என்றுதான் சத்தம் வந்தது. அறுக்குளா மீன் என்ன விலைக்குப் போனதென்று வாங்கினவனுக்கே விளங்கவில்லை.

விழா நாள் காலை, மனைவி முனவ்வறா பொறுமை இழந்தா. "பேனர் கிடக்கட்டும், நீங்க மௌத்தாப் போகப்போறீங்க!" என்று தனியார் கிளினிக்குக்கு இழுத்துப்போய்ப் பல்லைப் பிடுங்குவித்தா.

பல்லைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு முர்ஷித் மண்டபத்துக்கு வந்தார். "இனி என்ன விழா சேர்?"

அழகரெத்தினம் துளியும் கலங்கவில்லை. "கடிதத்தில பல்லு எண்டுதானே இருக்கு. வாய் எண்டு எங்கயும் இல்லியே!"

குர்ஆனிலிருந்து கிறாஅத் ஓதப்பட்டது. வெல்வெட் தட்டில் பல் வீற்றிருந்தது. பிரதம அதிதி றிபன் வெட்டி ஒரு சொட்டு விட்டார். கிருமிகள் முற்றாக ஒழிக்கப்பட்டன, பல் பூரண சுகம் என்று அறிவித்தார்கள். பொன்னாடை பல்லுக்குப் பெரிதாக இருந்ததால் முர்ஷிதுக்குப் போர்த்தினார்கள். சபை கைதட்டியது. முர்ஷிதும் தட்டினார். பேஸ்புக்கில் அந்தப் படத்துக்கு இரண்டாயிரம் லைக்.

அடுத்த கிழமை பக்கத்துப் பல் வலிக்கத் தொடங்கியது.

"வாங்க காக்கா," என்றா டொக்டர் அப்னா சந்தோசமாக. "போத்தல் திறந்தாச்சி. இண்டைக்கே வேரத் துப்புரவாக்கி மருந்து போடுவம். கடிதமும் இல்ல, விழாவும் இல்ல. ஆ காட்டுங்க."

முர்ஷித் ஆ காட்டவில்லை. கன்னத்தைத் தடவிக்கொண்டு கேட்டார்:

"என்ன டொக்டர், சும்மா, ஒருத்தரும் வராமலா? பிரதம அதிதிக்கு எப்ப நேரமெண்டு கேளுங்க. நான் பொறுத்துக்குவன்."