செனட்டர் எங்கள் முற்றத்தை விட்டுப் போன விதம்

மதிப்பிற்குரிய மைத்துனர் நார்மண்ட் தீபோ அவர்களுக்கு, வெர்மான்ட் மலையிலிருந்து உங்கள் தங்கை லொரெய்னின் கணவன் ஆல்டன் எழுதிக்கொண்டது. ஆண்டவன் அருளாலும், லொரெய்ன் ஃப்ரீசரில் வைத்துவிட்டுப் போன பட்டாணி சூப்பாலும் நான் இங்கே உயிரோடு இருக்கிறேன். அங்கே நீங்களும், உங்கள் முழங்காலும், கோபித்துக்கொண்டு உங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கும் என் மனைவியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் நல்ல சேதி. எங்கள் முற்றத்தில் இப்போது ஒரு காட்டு வான்கோழிகூட இல்லை. ஆகவே தயவுசெய்து லொரெய்னை உடனே அனுப்பி வையுங்கள்.

அவள் உங்களிடம் என்னவெல்லாம் சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். என் பக்கத்தையும் கேளுங்கள். சிட்டுக்குருவிகள் பாவம், பனிக்காலத்தில் பட்டினி கிடக்குமே என்று சமையலறை ஜன்னலுக்கு வெளியே தீனிக் கூண்டு மாட்டியது உங்கள் தங்கை. குருவிகள் தின்றது பாதி, கீழே சிந்தியது பாதி. சிந்தியதைத் தின்ன வந்தவைதான் இந்த வான்கோழிகள். இதை நான் அவளிடம் ஒருமுறை சொன்னேன். ஒரே ஒருமுறைதான் சொன்னேன். கூட்டத்துக்குத் தலைவனாக ஒரு சேவல். நெஞ்சை நிமிர்த்துவதும், வாலை விரிப்பதும், காரணமில்லாமல் முழங்குவதும், உட்கார்ந்த இடத்தை விட்டு நகராததுமாக இருந்ததால் அவனுக்கு செனட்டர் என்று பெயர் வைத்தோம். வனத்துறைக்குப் போன் செய்தேன். ஒரு பெண் பேசினாள். "பின்வாங்கவே கூடாது சார். நீங்கதான் பெரியவர்னு அதுங்களுக்குப் புரியணும். துடைப்பத்த எடுத்துக்கிட்டு நேரா போங்க" என்றாள். போனேன். காப்பீட்டு அலுவலகத்தில் ஆயுள் முழுக்க மேலதிகாரிகளைப் பார்த்தவன் நான். இரண்டு பேரில் யார் பெரியவர் என்பது பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. துடைப்பத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

அதன்பிறகுதான் லொரெய்ன் தேவாலயத்துப் பெண்களை விருந்துக்கு அழைத்தாள். நான் காரைப் பளபளவென்று துடைத்து வைத்தது என் கெட்ட நேரம். செனட்டர் கார்க் கதவில் தன் முகத்தையே பார்த்து, யாரோ போட்டிக்கு வந்துவிட்டான் என்று கொத்தத் தொடங்கினான். வந்த பெண்கள் இறங்கப் பயந்து, செய்துகொண்டு வந்த கேக், பலகாரம் எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு அப்படியே திரும்பிப் போனார்கள். லொரெய்ன் பெட்டியைக் கட்டினாள். "இந்த முற்றத்துல ஒண்ணு அதுங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும். எதுன்னு முடிவு பண்ணிட்டுச் சொல்லி அனுப்புங்க" என்றாள். நான் அப்போதே முடிவு செய்துவிட்டேன், செனட்டர்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

மார்ச் மாத ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று, இந்த வான்கோழித் தொல்லைக்கு ஊரே பொறுப்பேற்க வேண்டும் என்று முழங்குவதாக இருந்தேன். நல்ல கோட்டெல்லாம் போட்டுக்கொண்டு காரில் ஏறினேன். செனட்டரும் அவன் மனைவிமாரும் காரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஹாரன் அடித்தேன். அவன் பதில் முழங்கினான். மறுபடி அடித்தேன், மறுபடி முழங்கினான். வேறு வழியில்லாமல் என் பேச்சை அவனிடமே முழுவதுமாகப் பேசிப் பார்த்தேன். அவனுக்கு அது பிடிக்கவில்லை. ஒருவழியாக நான் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் முடிந்து, கூட்டத்துச் சாப்பாட்டுக்கு வைத்த பீன்ஸ் சட்டியைக்கூடக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துத் தோட்டத்து டுவைட் ஸ்டிக்னி, "வாங்க, பட்டிக் காவலரே!" என்று கை கொடுத்தான். யாருக்கும் வேண்டாத பதவியைக் கூட்டத்துக்கு வராதவன் தலையில் கட்டுவதுதானே எங்கள் ஊர் வழக்கம். அவிழ்ந்து திரியும் ஆடு மாடுகளைப் பிடித்துத் தன் இடத்தில் அடைத்து வைப்பதற்கு அந்தக் காலத்தில் உண்டாக்கிய பதவி. இப்போது ஊரில் அவிழ்ந்து ஓடத் தெம்புள்ள மாடே கிடையாது. ஊர் எழுத்தர் கோரா என் வலது கையைத் தூக்கச் சொல்லி, "அவிழ்ந்து திரியற எந்த ஜீவனா இருந்தாலும் இனிமே உங்க பொறுப்பு" என்று உறுதிமொழி வாங்கினாள். எல்லோரும் கை தட்டினார்கள். கொஞ்சம் அதிகமாகவே தட்டினார்கள் என்று அப்போதே தோன்றியது, இருந்தாலும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பதவி வந்தால் முதுகு தானாக நிமிர்கிறது, மைத்துனரே. வீட்டுக்கு வந்ததும் தீனிக் கூண்டைக் கழற்றினேன் (இதை லொரெய்னிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்), சிந்திய விதையைப் பெருக்கினேன், காரைப் பழைய போர்வையால் மூடினேன், அவளுடைய பெரிய சிவப்புக் குடையை எடுத்துக்கொண்டு நேராகச் செனட்டர் முன்னால் போய் நின்றேன். அவன் வாலை விரித்தான். நான் குடையை விரித்தேன். ஒரு கணம் இருவரும் பார்த்துக்கொண்டோம். அவன் வாலை மடக்கி, மனைவிமாரைத் திரட்டிக்கொண்டு, மேப்பிள் மரங்களுக்கு நடுவே நடந்து டுவைட்டின் முற்றத்துக்குப் போய்விட்டான். டுவைட் அந்த நேரம் மேப்பிள் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தான், கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இப்போது வீடு ஒரே அமைதி. எனக்கு அந்த அமைதி பிடிக்கவேயில்லை. அவள் திட்டிக் கேட்காமல் காலைக் காப்பி இறங்க மாட்டேன் என்கிறது. சூப்பும் தீரப்போகிறது. அவள் இல்லாமல் என்னால் முடியவில்லை என்பதை நீங்களாகச் சொல்வதுபோல் அவளிடம் சொல்லுங்கள்.

உங்கள் முழங்காலுக்கு ஆண்டவன் வலுவையும், என்னைப் பற்றிக் கேட்கும்போது உங்கள் காதுக்குப் பொறுமையையும் தருவாராக.

இப்படிக்கு,
ஆல்டன் பிக்ஃபோர்ட்,
பட்டிக் காவலர், வெஸ்ட் ஹார்லோ.

பி.கு.: உறையை ஒட்டும்போது வெளியே சத்தம் கேட்டது. டுவைட் மக்காச்சோள வாளியை ஆட்டிக்கொண்டு சாலையில் வருகிறான். பின்னால் செனட்டர், அவன் மனைவிமார், நான் இதுவரை பார்த்தேயிராத அவன் சொந்தபந்தம் எல்லோரும் வருகிறார்கள்.

"என்னய்யா இது?" என்றேன்.

"அவிழ்ந்து திரிஞ்சுதுங்க, காவலரே. சட்டப்படி உங்க முற்றத்துலதானே ஒப்படைக்கணும்?"

"யோவ், இதுங்க காட்டுப் பறவைய்யா!"

"அத அடுத்த வருஷக் கூட்டத்துல பேசுங்க. கொஞ்சம் நேரத்தோட வாங்க" என்று வாளியை எங்கள் வாசலிலேயே கவிழ்த்துவிட்டுப் போய்விட்டான். கோராவும் தன் ஆப்பிள் தோட்டத்து வான்கோழிக் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு வருகிறாளாம்.

ஆகவே லொரெய்னை அனுப்ப வேண்டாம். நானே அங்கு வருகிறேன்; உங்கள் சாய்வு நாற்காலி போதும் எனக்கு. செனட்டர் காரை விட்டு நகர்ந்ததும் புறப்படுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் சமையலறை ஜன்னலுக்கு வெளியே அவள் இந்நேரம் ஏதாவது மாட்டியிருப்பாள். நான் வருவதற்குள் கழற்றிவிடுங்கள். நான் சொன்னதாக மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.