இறங்காமல் ஏற வேண்டிய மேடு

கடத்தூர் பக்கம் ஓடுகிற வண்டிகளில் அரம் அண்ணனின் அரம் படாத வண்டி ஒன்றைக் காட்டினால், என் மீசையை எடுத்துவிடுகிறேன் பிள்ளைகளே. மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைப்பார்கள். அவர் இரும்பு ராவுகிற சின்ன அரம் வைத்திருப்பார். டீ ஆறுவதற்குள் யாருடைய சாவியையாவது வாங்கி ராவிக் கொடுத்துவிடுவார்.

அவரிடம் ஒரு சின்ன டூ-ஸ்ட்ரோக் வண்டி இருந்தது. தனியாகப் போனால் பறக்கும். பின்னால் அவர் மனைவி சாந்தி அக்கா உட்கார்ந்தால், இண்டூர் தாண்டி அக்காவின் அம்மா வீட்டுக்குப் போகிற மேட்டில் பாதியிலேயே முக்கி நிற்கும்.

"எறங்கு சாந்தி."

அக்கா இறங்கி, வண்டிக்குப் பின்னாலேயே நடப்பார். அங்கே எருமை மேய்க்கிற பெரியவர் தவறாமல் கேட்பார்: "ஏம்மா, வண்டியையும் மேய்க்கவா ஓட்டிக்கிட்டுப் போற?"

ஒருநாள் அக்கா முடிவாகச் சொன்னார்: "எந்தம்பி புது வூட்டுப் பால் காய்ச்சறதுக்கு எறங்காம போவணுங்க. இல்லன்னா நான் பஸ்ல போயிக்கிறேன். நீங்க வண்டியோடவே குடும்பம் நடத்துங்க."

அண்ணன் அரத்தை எடுத்தார். எஞ்சினைப் பிரித்து, புகை வெளியேறும் துளையை ராவி அகலமாக்கினார். சைலன்சருக்குள் இருந்த தடுப்பை உருவினார். அதன் பிறகு அவருக்கு முன்னால் சத்தம் வீட்டுக்கு வந்துவிடும்; அக்கா அதைக் கேட்டுத்தான் உலை வைப்பார். சமதரையில் வண்டி அம்பு. மேட்டில் மட்டும் பழைய முக்கல்தான். வேகம் எடுத்தால்தான் அந்த எஞ்சினுக்குப் பலம். மேட்டில் வேகத்துக்கு எங்கே போவது?

"வெயிட்டுதான் தம்பி பிரச்சனை" என்றார் என்னிடம்.

மட்கார்டு போனது. ஹாரன் போனது. ஸ்டாண்டு போனது. வண்டியைச் சுவரில்தான் சாய்க்க வேண்டும். சுவர் இல்லாவிட்டால் என் மேல். ஒரு சாயங்காலம் வாசலில் வந்து கத்தினார்: "மேடு ஏறிடுச்சு சாந்தி! நிக்காம ஏறிடுச்சு! கெளம்பு!"

அக்கா வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"நான் எங்கங்க உக்கார்றது?"

பின் சீட்டையும் கழற்றிப் போட்டிருந்தார் மனுஷன்.

அதற்குப் பிறகு அன்றைக்கு அரம் பையைவிட்டு வெளியே வரவில்லை. மறுநாள் சீட்டைத் திரும்பப் பூட்டி, பின் சக்கரத்தில் பெரிய பல்சக்கரம் ஒன்றை மாட்டினார். மேடு ஏறத் தெம்பு கூடும். ஆனால் ஓட்டம் குறையும்.

"இதை முன்னாடியே மாட்டியிருக்கலாமேண்ணா?"

"வேகம் போயிருமே தம்பி" என்றார், பல் பிடுங்க உட்கார்ந்தவர் மாதிரி.

பால் காய்ச்சும் நாளில் நானும் என் வண்டியில் பின்னால் போனேன். மேட்டில் அண்ணன் வண்டி ஊர்ந்தது. ஓர் எருமை நிதானமாக முந்திப் போனது.

"ஏங்க, எறங்கி நடந்தா சீக்கிரம் போயிருவேன் போலிருக்கே?"

"உக்காரு சாந்தி!"

வண்டி நிற்கவில்லை. உச்சிக்குப் போனதும் அக்கா திரும்பி, பெரியவருக்குக் கையாட்டினார். அவரும் கோலைத் தூக்கி ஆட்டினார்.

இப்போதெல்லாம் சமதரையில் சைக்கிள்காரர்கள்கூட அண்ணனை முந்திப் போகிறார்கள். அந்த மேட்டில் அண்ணனும் அக்காவும் முன்னால் போனால் மட்டும், நான் கியரைக் குறைத்துக்கொண்டு பின்னாலேயே போகிறேன். முந்த மனசு வருவதில்லை.