புலியின் பட்டாவும் டாக்டர் நரியின் நானோ பூச்சும்

ஒரு காட்டில் ஒரு புலி இருந்தது. காடு என்றால் புலி இருக்கும்தானே, இதில் என்ன கதை என்று கேட்காதீர்கள். கதை புலியிடம் இல்லை, அதன் மூத்திரத்தில் இருக்கிறது. முகம் சுளிக்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

புலியின் பெயர் வீரபாகு. அந்தக் காட்டில் தாசில்தாரும் கிடையாது, பத்திர ஆபீசும் கிடையாது. புலி ஒரு மரத்துக்கு முதுகைக் காட்டி நின்று, வாலைத் தூக்கி ஒரு பீச்சு பீச்சினால் அந்த மரம் வரைக்கும் அதற்குப் பட்டா. நாற்றம் இருக்கும்வரை பட்டா செல்லும். நாற்றம் போய்விட்டால் அடுத்த காட்டுப் புலி வந்து உட்கார்ந்துகொள்ளும். நம்ம ஊர்ச் சட்டத்தைவிட எவ்வளவோ தெளிவு.

அங்கே வடிவு என்று ஒரு புள்ளிமான். முதல் குட்டியைப் புலி தின்றுவிட்டது. இரண்டாவதையாவது வளர்த்து ஆளாக்கிவிட வேண்டும், அதற்கு வேறு ஆசையே இல்லை. தினமும் மரம் மரமாக மூக்கை வைத்துப் பார்க்கும். நாற்றம் புதுசாக இருந்தால் புலி பக்கத்தில் இருக்கிறது, குட்டியை இழுத்துக்கொண்டு ஓட்டம். பழசாக இருந்தால் நிம்மதியாக மேய்ச்சல்.

இத்தனைக்கும் ஊர்க்கூட்டத்தில் அதிகமாகக் கத்தியதும் இதே வடிவுதான். “எங்க திரும்பினாலும் மூத்திர நாத்தம்! பச்சைப்புள்ளைய வெச்சுக்கிட்டு எப்படிங்க இருக்கறது? சீ, இதெல்லாம் ஒரு காடா?” என்றது. எல்லா மிருகங்களும் கை தட்டின. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். கூட்டத்துக்குத் தலைமையும் யானைதான்.

அப்போது முன்னால் வந்தது டாக்டர் குணபூசணம். வெளிநாட்டுக்குப் போய் ஆராய்ச்சி செய்துவிட்டு வந்த நரி.

“தாமரை இலையில தண்ணி ஒட்டுமா?” என்று நரி கேட்டது.

“ஒட்டாது.”

“ஏன் ஒட்டாது?”

“அது தாமரை இலை, அதனால ஒட்டாது” என்றது வடிவு.

நரி இரக்கப்பட்டுச் சிரித்தது. படித்தவர்கள் சிரிக்கிற அந்தச் சிரிப்பு இருக்கிறதே, பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

“இலை மேல பொடிப்பொடியா மேடு இருக்கும்மா. மேட்டுக்கு நடுவுல காத்து நிக்குது. தண்ணிக்கு உட்கார இடமில்ல, உருண்டு ஓடிடுது. அந்த மாதிரி மேட்டை நாங்க லேப்ல செஞ்சிருக்கோம். ஒரு மயிரை நெடுக்கால லட்சம் கூறா கிழிச்சா ஒரு கூறு எவ்வளவு இருக்கும், அதுதான் நானோ. கூடவே வெள்ளித்தூளும் அதே அளவுல கலந்திருக்கு. நாத்தம் கிளப்புற கிருமி பட்டதும் செத்துரும்.”

“எங்க, காட்டுங்க பாப்போம்.”

“கண்ணுக்குத் தெரிஞ்சா அது நானோவே இல்லம்மா.”

இதற்கு மேல் யார் என்ன கேட்க முடியும்? புலி ஒரு காட்டுப்பன்றியைத் தின்றுவிட்டுக் குகையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து, எல்லா மரத்துக்கும் பூச்சு அடித்து முடித்தார்கள்.

புலி எழுந்தது, பட்டாவைப் புதுப்பிக்க வந்தது. முதுகைக் காட்டி நின்று வாலைத் தூக்கியது. மரம் வாங்கிக்கொள்ளவில்லை, அப்படியே திருப்பிக் கொடுத்தது. பின்னங்கால் இரண்டும் நனைந்துவிட்டன. அடுத்த மரத்திலும் அதே கதி. புலிக்கு ரோஷம் வந்துவிட்டது. காடு முழுக்கச் சுற்றி முடித்தபோது மரத்தில் ஒரு சொட்டு இல்லை, மொத்தப் பட்டாவும் புலியின் மேலேயே இருந்தது.

குளிக்கலாம் என்று ஆற்றுக்கு ஓடிய புலி பாதி வழியில் நின்றது. “ஐயையோ, குளிச்சா இதுவும் போயிடுமே! அப்புறம் எனக்குன்னு என்ன இருக்கு?” என்று திரும்பிவிட்டது.

அன்றிலிருந்து புலி மலைக்கு அந்தப் பக்கம் இருந்தால் இந்தப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்குத் தும்மல் வரும். எந்த மான் மாட்டும்? புலி பட்டினி கிடந்தது. மான்கள் டாக்டருக்கு ஃப்ளெக்ஸ் பேனர் வைத்தன. நாற்றம் இல்லாத இடத்தில் ஆபத்து இல்லை என்று வடிவு குட்டியைத் தனியாகவே மேய விட்டது.

ஒருநாள் குட்டி வாலில்லாமல் ஓடி வந்தது. வால் இருந்த இடத்தில் ரத்தம்.

“ஐயோ என் கண்ணு! யாருடா கடிச்சது?”

“பின்னாடியிருந்து கவ்வுச்சும்மா. ஒரு வாடையும் இல்லம்மா. திரும்பிப் பார்த்தா டாக்டர் மாமா.”

மிச்சமிருந்த பூச்சை நரி தன் மேலேயே ஊற்றிக்கொண்டு வாடையை மறைத்திருந்தது. மானுக்கு மூக்குதானே காவல்! வடிவு நேராகக் கூட்டத்துக்குப் போய்க் கதறியது.

யானை தும்பிக்கையால் நரியை மேலும் கீழும் மோந்து பார்த்தது. “ரத்தக்கறை இல்ல. வாடை இல்ல. ஒரு மான்முடிகூட ஒட்டல. ஆதாரம் இல்லாம படிச்சவர் மேல பழி போடாதே வடிவு” என்று தீர்ப்புச் சொன்னது. மனம் நொந்துபோன டாக்டருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அதுவும் நிற்காமல் வழுக்கிக் கீழே விழுந்தது.

“பரவாயில்லை, பாவம் தாய் மனசு” என்றது நரி. “நாளையிலேர்ந்து குட்டிகளுக்கு நானே ஒரு நானோ பள்ளிக்கூடம் நடத்தறேன். அம்மாக்கள் கூட வர வேண்டாம்.” யானை உடனே அனுமதி கொடுத்தது.

வடிவு குட்டியை முன்னால் தள்ளிக்கொண்டு நாற்றம் வந்த திசையில் நடந்தது. கண்ணில் நீர் கொட்டுகிற இடத்தில் நின்றது. எதிரே எலும்பும் தோலுமாகப் புலி.

“என்ன வடிவு, தானா வந்து நிக்கிற?” புலிக்கு நம்பவே முடியவில்லை.

“உங்க பக்கத்துல குடியிருக்க வந்தேன் ராசா. உங்களுக்குப் பயந்து நரி இங்க வராது. நீங்க ஒரு எட்டு வெச்சா என் மூக்குக்குத் தெரிஞ்சிடும், நான் ரெண்டு எட்டு பின்னால போயிடுவேன்.”

பொழுது விடிவதற்குள் மற்ற தாய்மான்களும் குட்டிகளோடு வந்து சேர்ந்துவிட்டன. கண்ணெதிரே இவ்வளவு கறியைப் பார்த்துப் புலிக்கு எச்சில் ஊறியது.

“உங்களுக்குத்தான் கஷ்டமா இருக்கே. ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்துடட்டுமா?” என்று மெதுவாகக் கேட்டது.

“வேண்டாம் ராசா! குளிச்சா உங்க பட்டா என்னாகறது?” என்று மான்கள் எல்லாம் ஒரே குரலில் அழுதன.

புலி தன் குடிகளுக்குத் தன் மேல் இவ்வளவு விசுவாசமா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, பசியோடு மறுபடியும் உட்கார்ந்தது.

நீதி: கறையே படியாதவரிடம் குட்டியை விடாதே, நாறுகிற ராஜாவைக் குளிக்க விடாதே.