ஒரு டாலர் கூட வைத்த பிளாக்செயின் அண்ணன்

மலேசியாவில், ஈப்போ லிட்டில் இந்தியாவில் ஆற்றிய தே தாரிக் டீ குடிக்க உட்கார்ந்தால், பிளாக்செயின் அண்ணன் என்னும் ஜீவராசியைச் சந்திக்காமல் நீங்கள் எழுந்திருக்க முடியாது. பாரிட் புந்தாரிலும் ஒன்று உலவுவதாகக் கேள்வி. கையில் இரண்டு கைப்பேசி இருக்கும். எதிரே உட்கார்ந்திருப்பவர் பல்வலியோடு வந்தவராகவே இருந்தாலும், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கி அடிக்கும் கமிஷன், மூன்று நாள் தாமதம், நடுவில் கை நீட்டும் நாலு பேர் என்று தொடங்கி, வங்கியே இல்லாமல் கணினிகளே கணக்கு வைக்கும் பிளாக்செயினில் நாலே நிமிடம் என்று முடித்து, தே தாரிக் பில்லையும் அவர் பக்கமே தள்ளிவிடுவார். அண்ணன் தாமே எப்போதாவது அனுப்பியிருக்கிறாரா? அதையெல்லாம் கேட்கக் கூடாது.

எங்கள் வட்டாரத்து அண்ணன் தர்மேந்திரன். அவரிடம் மாட்டியவர் விளக்குக் கடை மங்களம். கும்பகோணத்து வியாபாரியிடமிருந்து பித்தளை விளக்கு வரவழைப்பவர். தீபாவளி விற்பனையை நம்பித்தான் அவருடைய ஆண்டே ஓடும். பலரிடம் முன்பணமும் வாங்கியிருந்தார்.

"சிம்பிள்லா அக்கா! இதுல மனுஷனே கிடையாது. பேசின தொகை அப்படியே போய் விழுந்தா சரக்கு கிளம்பிடும். ஒரு சென் கூடக்கொறைய இருந்தா பணம் பூட்டிக்கும். யாரும் கை வைக்க முடியாது!"

"தப்பா போயிட்டா தம்பி?"

"போகவே போகாதுக்கா."

கும்பகோணத்தாரும் அண்ணன் காட்டிய செயலியில் சேர்ந்தார். ராகு காலம் முடியும்வரை காத்திருந்து அண்ணன் கைப்பேசியை எடுத்தார். விளக்குக்குப் பேசியிருந்த இரண்டாயிரம் டாலர் என்று தட்டினார். தட்டிய விரல் அப்படியே நின்றது. எத்தனை கல்யாணத்தில் மொய் எழுதிய விரல்!

"மொத தடவை அனுப்புறோம், சைபர்ல முடிக்கலாமா? அந்த ஒரு டாலரை நான் போடுறேன்க்கா."

இரண்டாயிரத்து ஒன்று போனது. நாலே நிமிடத்தில் பூட்டிக்கொண்டது. அண்ணன் சொன்னதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை.

"இப்போ யாருகிட்ட தம்பி போய்க் கேக்கறது?"

"அதான்க்கா... இதுல மனுஷனே கிடையாதே."

பூட்டுத் திறக்கப் பதினான்கு நாள் என்றது கைப்பேசி. அதற்குள் கப்பல் போய்விட்டது. முன்பணம் கொடுத்தவர்கள் கடை வாசலில் வந்து நின்றபோது அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. ஒவ்வொருவருக்கும் மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். பூட்டிய பணம் திரும்பி, பழையபடி வங்கி வழியாகப் போய், அடுத்த கப்பலில் விளக்குகள் வந்து இறங்கியது கார்த்திகைக்குத்தான்.

அண்ணன் முதல் ஆளாகக் கடைக்குப் போனார். நூறு ரிங்கிட் விளக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு, கைராசிக்காக நூற்றொரு ரிங்கிட்டை நீட்டினார். மங்களம் நூறை மட்டும் எடுத்துக்கொண்டு மீதி ஒன்றை அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"கூட இருந்தா பூட்டிக்கும் தம்பி."

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். கடைசியாக நீங்கள் ஒருவரிடம் "சிம்பிள்லா" என்று சொன்னீர்களே, அன்றைக்குப் பணம் யாருடையது?