காமா அண்ணாச்சியும் சீனியின் சிறுநீரகமும்

திருநெல்வேலிச் சீமையில் ஒரு பூனையின் சிறுநீரகத்துக்கு எழுந்து நின்று மரியாதை கொடுத்த ஒரே மனிதர் காமா அண்ணாச்சிதான். நான் ரிப்போர்ட் தட்டச்சு செய்துகொண்டிருந்த கால்நடை மருத்துவமனையில் காமா கேமராவை இயக்குபவர் அவர். சொந்தப் பெயர் ஏதாவது ஒரு பதிவேட்டில் இருந்திருக்கும். யாரும் தேடிப் பார்த்ததில்லை. கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டே கல்யாண வீட்டுக்கும் போவார். ஒருமுறை பந்தியில் பேட்ஜைப் பார்த்து, பரிமாறுகிறவர் என்று நினைத்து நாலு பேர் சாம்பார் கேட்டார்கள். அவரும் வாளியைத் தூக்கிக்கொண்டு போய் ஊற்றிவிட்டு வந்தார்.

நாயோ பூனையோ, ரத்தக்குழாயில் துளி கதிரியக்க மருந்தை ஏற்றி, கேமரா மேல் படுக்க வைப்பார். ஒவ்வொரு சிறுநீரகமும் அதை எவ்வளவு வேகமாக இழுக்கிறது என்று திரையில் தனித்தனியாகத் தெரியும்.

"ரத்தப் பரிசோதனை, வண்டி ஓடுதுன்னு மட்டும்தான் சொல்லும்வே. எந்த மாடு இழுக்குதுன்னு இவன்தான் சொல்லுவான்" என்று கேமராவைத் தட்டிக்கொடுப்பார்.

மேலப்பாளையத்திலிருந்து காசிம் பாய், சீனி என்ற வெள்ளைப் பூனையோடு வந்தார். கல் அடைத்து அதன் வலது சிறுநீரகம் வீங்கியிருந்தது. அதை எடுத்துவிடலாம் என்பது எங்கள் மருத்துவமனை டாக்டரம்மாவின் எண்ணம். ஆனால் இடது நன்றாக வேலை செய்தால்தான் எடுக்க முடியும். இரண்டுமே படுத்துவிட்டால் ஆபரேஷனே கிடையாது. வீட்டுக்குக் கொண்டுபோய் இருக்கிறவரைக்கும் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பாயின் பிள்ளைகள் எல்லாம் துபாயில். வீட்டில் அவரும் சீனியும் மட்டும்தான்.

அண்ணாச்சி பூனையின் பிடரித் தோலைப் பைய இழுத்து விட்டார். தோல் திரும்பிப் படியவே இல்லை.

"என்ன பாய், தண்ணி கொடுத்தீரா?"

"ஸ்கேன்னா வெறும் வயித்தோட வரணும்லா? நேத்து மத்தியானத்துலேருந்து ஒரு சொட்டு காட்டல. நானும் கூடவே பட்டினிதான்."

"சோறு போட வேண்டாம்னுதானவே சொன்னேன்! தண்ணிய யாரு நிறுத்தச் சொன்னா? நீரு எதுக்குப் பட்டினி?"

"அது காய்ஞ்சு கெடக்கும்போது எனக்கு எப்படி இறங்கும் அண்ணாச்சி?"

பூனைக்குச் சலைன், பாய்க்குக் கேண்டீன் இட்லி, ஸ்கேன் நாளைக்கு என்று அண்ணாச்சி தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்கு எல்லாவற்றையும் தயார் செய்து வைத்திருந்த டாக்டரம்மா கொதித்துப்போனார்.

"ஒரு நாள்ல என்ன மாறிடப் போகுது?"

"காய்ஞ்ச உடம்புல நல்ல கிட்னியும் செத்தது மாதிரிதாம்மா காட்டும். ரெண்டும் போச்சுன்னு நீங்க எழுதுவீங்க. அந்த மனுசன் அதை நம்பித் தூக்கிட்டுப் போயிருவாரு. இன்னைக்கு நான் எடுக்க மாட்டேன்."

அத்தனை பேர் முன்னால் டாக்டரம்மாவை எதிர்த்துப் பேச அங்கே வேறு யாருக்கும் தைரியம் கிடையாது. எனக்கு நிச்சயமாகக் கிடையாது.

மறுநாள் திரையைப் பார்த்த அண்ணாச்சி நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். பார்வைக்கு லட்சணமாக இருந்த இடது சிறுநீரகம் சும்மா உட்கார்ந்திருந்தது. வெட்டி எடுக்க நினைத்த வலதுதான், வீங்கிய உடம்போடு, முக்கால்வாசி வேலையையும் இழுத்துக்கொண்டிருந்தது. டாக்டரம்மா கிட்டே வந்து திரையைப் பார்த்தார். பிறகு, "கல்லை மட்டும் எடுத்துடலாம் அண்ணாச்சி" என்றார்.

கதிரியக்கம் அடங்கும்வரை யாரும் சீனியைத் தொடக்கூடாது. பாய், அண்ணாச்சி தரையில் போட்ட சாக்பீஸ் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று அதற்குக் குடும்பக் கதையெல்லாம் சொன்னார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

மூன்று மாதம் கழித்து வெறும் ரத்தப் பரிசோதனைக்கு வந்தபோது பாய் கேட்டார்: "நீங்க காப்பாத்துன பிள்ளையை ஒரு தடவ தடவிக் கொடுக்கக் கூடாதா அண்ணாச்சி?"

"எனக்கு எங்க பாய் வாய்க்குது? ஊசிக்கு முன்னால தடவினா பாசம் வந்து கை நடுங்கும். போட்டப்புறம் தொடக்கூடாது. தொடலாம்னு ஆகும்போது நீங்கள்லாம் தூக்கிட்டுப் போயிருதீங்க."

பாய் சீனியை அவர் மடியில் வைத்தார். அது சுருண்டு தூங்கிவிட்டது. அண்ணாச்சி மூச்சைக்கூட அளந்துதான் விட்டார். சாப்பாட்டு வேளை போனது, காபி வேளையும் போனது.

டாக்டரம்மா மூன்று தடவை அவரைத் தேடினார். "அண்ணாச்சி வெளிய போயிருக்காரும்மா" என்று சொல்லி, அந்த அறையின் கதவைப் பையச் சாத்தியது நான்தான்.