மூன்றாவது மாடியில் ஒரு ரிவர்ஸ் ஹாரன்

மூன்றாவது மாடியில் லாரியை ரிவர்ஸ் எடுத்த ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் ரிவர்ஸ் சார்தான். திருவொற்றியூரில் எங்கள் ஹவுசிங் போர்டு பக்கம் வந்து அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் போஸ்ட்மேன்கூட உதட்டைப் பிதுக்குவார். ரிவர்ஸ் சார் என்றால் தெருநாயே கூட்டிக்கொண்டு போய் விடும்.

அவரும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள். அவர் அறிவியல், நான் தமிழ். அவர் மூன்றாவது மாடி, நான் அவருக்கு நேர் கீழே. அதனால் அவருடைய கண்டுபிடிப்புகள் எல்லாம் முதலில் என் தலையில்தான் விடிந்தன. குழாய் ஒழுகினால் பிளம்பரைக் கூப்பிடுவது அறிவியலுக்கே அவமானம் என்பார். சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி அவரே சரிசெய்வார். அதற்குப் பிறகு அவர் வீட்டில் ஒழுகாது, என் வீட்டில் ஒழுகும்.

ஒருமுறை கைதட்டினால் எரிகிற விளக்கு ஒன்று செய்தார். தட்டினால் எரியும், மறுபடி தட்டினால் அணையும். டி.வி.யில் பட்டிமன்றம் ஓடினால் அவர் வீடு கல்யாண மண்டபம் மாதிரி மின்னும். அவர் மனைவி லில்லி அக்காவுக்கு வீசிங் தொந்தரவு. பாழாய்ப்போன அந்த விளக்குக்குக் கைதட்டலுக்கும் இருமலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

"ஊர்ல எல்லா வூட்டுக்காரனும் இருமலுக்கு மருந்து வாங்கியாருவான். உங்க சாரு சுவிட்சு வச்சிக் குட்த்துகிறாரு, தமிழய்யா" என்று அக்கா சிரிப்பார். சிரித்தால் இருமல் வரும், விளக்கு எரியும். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்துக் காற்றைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வடக்கிலிருந்து வீசினால் அனல்மின் நிலையத்துச் சாம்பல். மேற்கிலிருந்து வீசினால் ஆலைகளின் கேஸ் நாற்றம். கிழக்கை மட்டும் கடவுள் தன் பொறுப்பில் கடலாக வைத்துக்கொண்டார். டாக்டர், நல்ல காற்று இருக்கும் ஊராகப் பார்த்துப் போய்விடுங்கள் என்றார். சார் உடனே மாற்றலுக்கு எழுதிப்போடத் தயாரானார். அக்கா ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

"அங்க போனா மூச்சு நல்லா வுடலாம். பேசறதுக்கு யாரு கீறா?"

காற்றையும் மாற்ற முடியவில்லை, அக்காவையும் மாற்ற முடியவில்லை. சார் எலக்ட்ரானிக் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போய், காற்று கெட்டால் கண்டுபிடிக்கும் சென்சார் ஒன்று வாங்கி வந்தார். கொருக்குப்பேட்டை பழைய இரும்புக் காயலான் கடையில் ஒரு லாரியின் ரிவர்ஸ் ஹாரனைப் பிடித்தார். இரண்டையும் இணைத்து மொட்டை மாடியில் மாட்டினார். கெட்ட காற்று வந்ததும் ஹாரன் அடிக்கும். அக்கா ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு உள்ளறையில் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும். திட்டம் அவ்வளவுதான்.

முதல் நாளே ஹாரன் அலறியது. ஏதோ ஒரு பாட்டை மூக்கால் பாடியது. லாரி பின்னால் வருகிறது என்று தெருவே சுவரோரம் ஒதுங்கி நின்றது. ஷேர் ஆட்டோக்காரர் வண்டியை நடுத்தெருவில் விட்டுவிட்டு இறங்கி ஓடினார். கீழ்வீட்டுக் கலா மட்டும் மொட்டை மாடிக்கு ஏறி வந்தாள். கருவாடு காயவைத்து விற்பவள்.

"இன்னா சார், மேல லாரி வந்துகினு கீதா?"

"காத்து கெட்டுப்போச்சு கலா, அதான்" என்றார் சார் பெருமையாக.

"காத்து கெடல சார். என் கருவாட்டத்தான் மோந்துகினு கத்துது உன் மிஷினு."

உண்மைதான். சென்சாருக்குப் பக்கத்திலேயே அவளுடைய தட்டு இருந்தது. சார் மறுநாள் சென்சாரைத் தண்ணீர்த் தொட்டியின் உச்சிக்கு மாற்றினார். அதன் பிறகு அது பொய் சொன்னதில்லை. தெரு முழுக்கத் திட்டிக்கொண்டே அதற்குக் கட்டுப்பட்டது. ஹாரன் அடித்தால் பெண்கள் கொடியிலிருந்து துணியை உருவுவார்கள். கலா சாரின் பரம்பரையையே ஏசிக்கொண்டு கருவாட்டை மூடுவாள். மேலே படபடவென்று ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்கும்.

ஆனால் ஹாரனால் சொல்லத்தான் முடிந்தது, தடுக்க முடியவில்லை. போன மார்கழிப் பனியில் லில்லி அக்காவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அக்கா திரும்பி வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு மேல்வீட்டில் சத்தமே இல்லை. சாயங்காலம் மட்டும் ஒரே ஒரு கைதட்டல் கேட்கும். இழவு வீட்டில் யார் கைதட்டுவது என்று முதல் நாள் திடுக்கிட்டேன். அப்புறம்தான் புரிந்தது. இருமுவதற்கு ஆள் இல்லை. விளக்கு எரிய வேண்டுமென்றால் அவரேதான் தட்ட வேண்டும்.

ஹாரனும் அடிக்கவில்லை. காற்று திருந்திவிட்டது என்று தெருவே நம்பியது. ஒரு நாள் எல்லோரும் தைரியமாகத் துணி காயப்போட்டார்கள், கலா கருவாட்டைப் பரப்பினாள். மத்தியானம் பார்த்தால் எல்லாவற்றின் மேலும் சாம்பல். கலா தட்டைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது மாடிக்கு ஏறினாள். பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனிதரிடம் என்ன பேசிவிடுவாளோ என்று நானும் பின்னாலேயே ஓடினேன்.

"ஏன் சார் ஹாரன் அடிக்கல? தட்டு பூரா சாம்பலு. இத்த யாரு வாங்குவா?"

"வயரப் புடுங்கிட்டேன் கலா" என்றார் சார். "இனிமே அது யாருக்கு?"

கலா தட்டைத் தரையில் வைத்தாள். குரல் இறங்கிவிட்டது.

"இன்னா சார் இப்டி கேக்கற? கீழ கீற நாங்கல்லாம் மூச்சு வுடாமயா கீறோம்?"

சார் குனிந்து தட்டிலிருந்த சாம்பலை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு பெட்டியிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறி, "ஏணியக் கொஞ்சம் பிடிங்க தமிழய்யா" என்றார். அவர் தொட்டி மேல் ஏற, நான் எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டுக்கொண்டு ஏணியைப் பிடித்தேன். வயரை இணைத்ததும் மேலிருந்து கையை நீட்டினார்.

"கலா, அந்தக் கருவாட்டுத் தட்டக் குடு. டெஸ்ட் பண்ணணும்."

தட்டு மேலே போனது. ஹாரன் மூக்கால் பாடியது. கீழே ஷேர் ஆட்டோ ஒன்று கிறீச்சென்று நின்று, ஓட்டுநர் மேலே பார்த்துக் கெட்ட வார்த்தையில் திட்டினார். சார் சிரித்தார். சிரித்துக்கொண்டே தொட்டியின் மேல் உட்கார்ந்து அழுதார். அக்கா போன பிறகு அன்றுதான் அவர் அழுது பார்த்தேன். கலா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

இப்போதும் ஹாரன் அடிக்கிறது, தெரு திட்டுகிறது. நானும் என் பங்குக்குத் திட்டுகிறேன். ஆனால் விளக்கு வைக்கிற நேரம் வந்தால் என் காது மேலேயே இருக்கும். அந்த ஒற்றைக் கைதட்டல் கேட்ட பிறகுதான் எனக்குக் காபி தொண்டையில் இறங்குகிறது.